துடைப்பக் கம்பில் முறத்தை மாட்டும் கிளிப்: புதிதில் இறுக்கம், ஒரு மாதத்தில் தொளதொள

சீமாறு_செட்:

வணக்கம். வீட்டுக்கான துடைப்பம், முறம் செட் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறோம். கூட்டி முடித்ததும் முறம் துடைப்பக் கம்பிலேயே மாட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே சாமானாகக் கதவு மூலைக்குப் போக வேண்டும். முதல் டையில் (பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தும் இரும்பு அச்சு) அடித்த மாதிரிகள் கையில் இருக்கின்றன. கீழே அளவுகள் எல்லாம் மி.மீ.

கம்பு: 22 மி.மீ. இரும்புக் குழாய், தகடு 0.35 மி.மீ., மேலே பவுடர் கோட்டிங்.
துடைப்பத் தலை: பிபி (பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்). அகலம் 280, முன்பின் கனம் 45, உயரம் 50. பெட் (பாலியெஸ்டர் வகை பிளாஸ்டிக்) இழை, வெளியே தெரியும் நீளம் 90. கம்பு தலைக்கு நேராக இறங்குகிறது.
முறம்: பிபி. அகலம் 300, தட்டின் நீளம் 220, சுவர் 2.2, எடை 240 கிராம், கைப்பிடி 130.
கிளிப்: கைப்பிடியின் அடிப்பக்கத்தில் சி வடிவம். வரைபடத்தில் உள்விட்டம் 22, வாய் 19, விரலின் (குழாயைக் கவ்வும் கை) தடிமன் 2.2, அகலம் 12. மாட்டினால் முறத்தின் முதுகு கம்பைப் பார்க்கும், வாய் வெளியே பார்க்கும்.

சிக்கல் நான்கு. புதிதில் கிளிப் ஒரு கையால் கழற்ற முடியாத இறுக்கம். நாலு வாரம் மாட்டியே வைத்திருந்த மாதிரியில் அதே கிளிப் தொளதொள. முறம் கம்பைச் சுற்றிச் சுழல்கிறது, மெல்ல மெல்லக் கீழேயும் இறங்குகிறது, பெயின்டில் கோடு விழுகிறது. ஒரு மாதிரியில் விரல் அடியோடு முறிந்தது. கடைசியாக, முறத்தின் முன்விளிம்பு நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மாவுத் தூசு அடியில் போய்விடுகிறது.

விரலைத் தடிமனாக்கலாமா, ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்குக்கு மாறலாமா, இல்லை கிளிப்பையே விட்டுக் காந்தம் வைக்கலாமா? இதே முறம் பூந்துடைப்பத்துக்கும் பொருந்த வழி உண்டா? பெரும்பாலான வீட்டில் அதுதானே இருக்கிறது.


டைமேக்கர்_கோவை:

தடிமனாக்காதீங்க. முதலில் அடித்த கிளிப்பின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து சொல்லுங்க. வரைபட அளவு இங்கே எதற்கும் உதவாது. குழாய் 22 என்றாலும் பவுடர் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான் ஏறும், அதுவும் இரண்டு பக்கம். ஆக விட்டம் 22.12 முதல் 22.16. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும் என்று டையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுவாங்க; டை வெட்டியவர் எந்தச் சுருக்கம் போட்டார் என்றும் கேளுங்க. பிபிக்கு ஒன்றரை சதவீதம் வைத்து வெட்டணும். ஏபிஎஸ் பழக்கத்தில் அரை சதவீதம் வைத்திருந்தால் உள்விட்டம் 21.8க்கு வந்திருக்கும்.

அப்படி வந்திருந்தால் உங்க முதல் சிக்கலின் இரண்டு பாதிக்கும் காரணம் ஒன்றேதான். கிளிப் மாட்டியிருக்கும் நேரமெல்லாம் விரிந்தபடியே நிற்கிறது. பிபியை விரித்தபடியே விட்டால் அது எதிர்த்து நிற்பதை மெல்ல விட்டுவிடும். சூடு கூடக்கூட வேகமாக விடும். ஜன்னல் ஓரத்தில், மொட்டை மாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தால் நாலு வாரம்கூடத் தாங்காது. ஆகவே மாட்டிய நிலையில் விரல் ஓய்வில் இருக்கணும். குழாய் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மட்டும் விரியணும். அடித்து ஆறிய உள்விட்டம் 22.4 வைங்க. கொஞ்சம் ஆடும், ஆடட்டும். ஆட்டம் பிடிக்காவிட்டால் கிளிப்பின் அடியில் ஒரு சின்ன ரப்பர் பொட்டு வைத்துக்கலாம். அந்த ஆட்டத்தைப் போக்க உள்விட்டத்தைக் குறைப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு.

அடுத்தது, எடை. 240 கிராம் முறத்தைக் கிளிப்பின் உராய்வில் தொங்க விட்டிருக்கீங்க. அது இறங்காமல் என்ன செய்யும்? எடையைத் தாங்க ஓர் இருக்கை வேணும். கிளிப்பின் வேலை முறத்தைச் சாய விடாமல் பிடிப்பது மட்டும். இருக்கைக்குத் தனிப் பாகம் தேவையில்லை. முறத்தைத் திருப்புங்க. வாய் கம்பைப் பார்க்கட்டும், துடைப்பத் தலை தட்டுக்குள்ளேயே உட்காரட்டும். பின்சுவரின் மேல்விளிம்பிலிருந்து ஒரு யு வெட்டு. அந்த வெட்டு கம்பின் கழுத்தைச் சுற்றி வரும்; பின்சுவர் தலையின் தோள்மேல் உட்காரும். எடை முழுக்கத் தலைக்குப் போய்விட்டது.

சுழலாமல் இருக்க, தலையின் கழுத்தில் தோளுக்கு நேர் மேலே 10 மி.மீ. உயரத்துக்கு வட்டத்தைச் சதுரமாக்குங்க, 32க்கு 32. யு வெட்டின் அகலம் 33, அடி தட்டை. இப்படிச் செய்தால் முறம் இரண்டு மூன்று டிகிரிக்குமேல் திரும்பாது. வெட்டை மேல்விளிம்பு வரை திறந்தே விடுங்க. பின்சுவரில் மூடிய ஓட்டை வைத்தால் டை திறக்கும் திசைக்குக் குறுக்கே வரும், அதற்கு ஒரு ஸ்லைடர் (பக்கவாட்டில் நகரும் டைத் துண்டு), அதற்கு ஒரு செலவு. கம்பின் மையம் தட்டின் தளத்திலிருந்து 38 மி.மீ. தள்ளி இருக்கட்டும், வெட்டின் அடி 21 உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே குப்பை தங்க இடம் இருக்கு.

இப்போ கிளிப்புக்கு எவ்வளவு விசை வேணும் என்று பாருங்க. முறத்தின் எடை மையம் கம்பின் மையத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இருக்கையிலிருந்து கிளிப் 115 மேலே. 2.35 நியூட்டனை 25ஆல் பெருக்கி 115ஆல் வகுத்தால் அரை நியூட்டன். ஐம்பது கிராம் எடை! தூக்கிக்கொண்டு நடக்கும்போது இடிபடுவதற்குப் பத்து மடங்கு வைத்தாலும் அரைக் கிலோ. ஆக, ஒரு கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் நடுவே கழற்றும் விசை இருந்தால் தாராளம்.

சி வளையத்தை விட்டுட்டு மூன்று நேர் விரலாகப் போங்க. இடப்பக்கம் இரண்டு, அவற்றுக்கு நடுவே வலப்பக்கம் ஒன்று, கைப்பிடி நீளத்தில் மாற்றி மாற்றி. ஒவ்வொரு விரலின் கொக்கிக்கும் நேர் கீழே கைப்பிடியில் ஒரு ஜன்னல். கொக்கியின் அடிப்பக்கத்தை அந்த ஜன்னல் வழியாக வரும் டைத் துண்டே உருவாக்கிவிடும், ஸ்லைடர் வேண்டாம். ஜன்னல் கைப்பிடியில் மட்டும். தட்டின் தளத்தில் வைத்தால் தூசு அந்த வழியாகவே கொட்டும்.

விரலின் நீளம் 18, தடிமன் 2, மடங்க வேண்டிய தூரம் 1.5. நீட்சிக்கு, அதாவது மடங்கும்போது விரலின் பரப்பு எத்தனை சதவீதம் இழுபடும் என்பதற்குக் கணக்கு: மூன்று மடங்கு தடிமனை மடங்கும் தூரத்தால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தின் இரண்டு மடங்கால் வகுக்கணும். 9ஐ 648ஆல் வகுத்தால் 1.4 சதவீதம். தினமும் திறந்து மூடும் பிபி விரலுக்கு நான் 3 சதவீதத்தைத் தாண்டமாட்டேன், இது அதில் பாதி. இடப்பக்க விரல்கள் அகலம் 5, 5. வலப்பக்க விரல் 10. இரு பக்கமும் சமமாகத் தள்ளும். பிபியின் விறைப்பு 1300 மெகாபாஸ்கல், கொக்கியின் வெளியேறும் சரிவு 30 டிகிரி, உராய்வு 0.3 என்று போட்டால் கழற்றும் விசை மொத்தம் 14 நியூட்டன், அதாவது 1.4 கிலோ. உள்ளே தள்ளும் சரிவை இன்னும் படுக்க வைங்க, முறம் லேசாக மாட்டிக்கும்.

விசையைத் திருத்தணும் என்றால் அகலத்தில் கை வைங்க, தடிமனில் வேண்டாம். அகலம் நேர் விகிதம். தடிமன் மூன்றாம் படி: 2ஐ 2.5 ஆக்கினால் விசை இரட்டிப்பு, நீட்சியும் கூடும். அகலத்தைக் குறைவாகவே வெட்டித் தொடங்குங்க. பிளாஸ்டிக் கூடணும் என்றால் டையில் இரும்பைச் சீவினால் போதும். குறையணும் என்றால் வெல்டு வைத்து மறுபடி வெட்டணும். உள்விட்டத்துக்கும் இதே கதைதான், பெரிதாக வைத்துத் தொடங்கி இறங்கி வரணும்.

முறிந்த விரலின் முறிவுப் பரப்பை லென்ஸில் பாருங்க. வழுவழுவென ஒரு கோடு ஓடினால், இரண்டு பக்கமிருந்து வந்த உருகல் அங்கே சேர்ந்திருக்கு. ஜன்னலைச் சுற்றி வரும் உருகல் விரலின் அடியில் சேராதபடி கேட்டை, அதாவது உருகல் டைக்குள் நுழையும் வாயை, தள்ளி வைங்க. கோடு இல்லாமல் சொரசொரவென இருந்தால் அடி மூலை கூராக இருக்கும்; 2 மி.மீ. விரலுக்கு அடியில் 1 மி.மீ. ஆரம் கட்டாயம். இரண்டும் இல்லை என்றால் காரணம் சரக்கு, அதாவது மூலப் பிளாஸ்டிக். கிளிப் உள்ள பாகத்தில் அரைத்த கழிவுச் சரக்கைக் கலந்தால் முதலில் போவது விரல்தான்.

ஏபிஎஸ் வேண்டாம். விறைப்பு கூடுதல், மடங்கும் அளவு குறைவு, இதே விரல் அதில் முரட்டுத்தனமாக இருக்கும். தரை கழுவும் திரவங்களையும் பிபி நன்றாகத் தாங்கும்.


அளவுநாடா:

காந்தத்துக்கு நான் பதில் சொல்கிறேன். விற்பவர் சொல்லும் இழுவிசை, தடித்த தட்டையான இரும்புத் தகட்டில் நேரடியாக ஒட்டி அளந்தது. உங்கள் குழாய் 0.35 மி.மீ. தகடு, வளைந்த பரப்பு, நடுவில் பெயின்ட், அதற்கு மேல் காந்தத்தை மூடும் பிளாஸ்டிக். நான்கும் சேர்ந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். நாளை அலுமினியக் குழாய்க்கு மாறினால் அதுவும் இல்லை. நியோடிமியத்தின் நிக்கல் பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்தாலும் குளியலறை ஈரத்தில் துருப்பிடித்து உப்பும். தரையில் கிடக்கும் குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும் என்பது கூடுதல் வரவு.

இரண்டாவது டைக்குப் பணம் கட்டுமுன் கைப்பிடியை மட்டும் முப்பரிமாண அச்சில் எடுத்துப் பாருங்கள். விரல் படுக்கைத் தளத்தில் பக்கவாட்டாகப் படுத்திருக்க வேண்டும். நிற்க வைத்து அச்சடித்தால் அடுக்குகளுக்கு இடையே பிளந்து முறியும், அதைப் பார்த்து வடிவமே தவறு என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அச்சுக்கான பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ இதற்கு ஆகாது. பெட்ஜி பரவாயில்லை, ஆனால் அதன் விறைப்பு பிபியைவிட ஒன்றரை மடங்கு. அச்சு மாதிரியில் 2 கிலோ காட்டினால் பிபியில் 1.3 அல்லது 1.4 என்று படியுங்கள்.

விசையை அளக்கப் பயணப் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு போதும். கிளிப்புக்கு நேர் பின்னால் கைப்பிடியில் கயிறு கட்டி, கம்புக்குச் செங்குத்தாக இழுத்து, விடுபடும் கணத்து எண்ணைக் குறியுங்கள். கைப்பிடியின் நுனியில் கட்டி இழுத்தால் நெம்புகோலாகி எண் குறைவாக வரும். நாளுக்கு இருமுறை என்றால் ஐந்து வருடத்துக்கு 3,650 தடவை. 4,000 தடவை மாட்டிக் கழற்றுங்கள். தொளதொளப்புக்குத் தனிச் சோதனை: குழாயில் மாட்டியபடி 60 டிகிரியில் 24 மணி நேரம், பிறகு ஆறவிட்டு வாயை அளந்து விசையையும் அளக்க வேண்டும். பழைய சி கிளிப்பையும் அதே அடுப்பில் பக்கத்திலேயே வையுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் காப்புரிமை பற்றி ஒரு வரி. நின்றபடியே அள்ளும் நீளக் கைப்பிடி முறத்துக்கு லாய்டு ரே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1897இல். முறத்தைக் கம்பில் மாட்டுவது என்ற பொதுவான எண்ணத்தை இன்று யாரும் தனக்கென்று சொல்ல முடியாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு பூட்டு அமைப்புக்கு உயிரோடு இருக்கும் காப்புரிமை இருக்கலாம். இந்தியாவில் அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு 10 வருடம், இன்னொரு 5 நீட்டிக்கலாம். இரண்டையும் தேடிவிட்டு டைக்குப் போங்கள். உங்களுடையதைப் பதிவதானால் கண்காட்சிக்கோ விற்பனைக்கோ போகுமுன் விண்ணப்பியுங்கள்.


நெல்லை_வாரியல்:

பூந்துடைப்பத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் வாரியல் என்றால் ஈர்க்குதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் வீட்டுக்குள் கூட்ட எல்லாரும் வைத்திருப்பது மேகாலயா, அசாம் பக்கத்து மலைகளிலிருந்து வரும் புல் துடைப்பம்தான். அதற்கு இந்தக் கிளிப் பொருந்தாது. எத்தனை முறை டை திருத்தினாலும் பொருந்தாது.

காரணம் எளிது. அதன் பிடி குழாய் இல்லை, புல் தண்டுகளைத் திணித்த கூம்பு உறை. நுனியில் மெலிந்து புல் பக்கம் பருக்கும். கட்டில் எத்தனை தண்டு என்பதைப் பொறுத்து ஒரே கடையில் வாங்கிய இரண்டின் பருமனே ஒத்துப்போகாது. கூம்புதானே, வளையத்தை மேலிருந்து இறக்கினால் எங்காவது இறுகி நிற்குமே என்று தோன்றும். கணக்கு அதை விடாது: 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. பருக்கும் கூம்பில், விட்டம் 2 மி.மீ. வேறுபட்டால் வளையம் நிற்கும் இடம் 40 மி.மீ. மாறும். ஒரு துடைப்பத்தில் முறம் உயரத்தில் நிற்கும், இன்னொன்றில் புல்லின் மேலேயே ஏறி உட்காரும்.

வேலைக்காவது இது. கைப்பிடியில் வி வடிவப் பள்ளம், அதன்மேல் துளைகள் போட்ட ஒரு சிலிக்கான் அல்லது ரப்பர் பட்டை, எதிர்ப்பக்கம் ஒரு கொக்கி. வி பள்ளம் எந்தப் பருமனையும் இரண்டு கோட்டில் தாங்கும், பட்டை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பட்டையை 15, 20 சதவீதத்துக்குமேல் இழுக்க வேண்டிய நிலை வராதபடி துளைகளை நெருக்கி வையுங்கள். எப்போதும் அதிகம் இழுபட்டே இருக்கும் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும்.

புல்லைத் தட்டுக்குள் அடைக்க நினைக்காதீர்கள். விசிறி போல் விரிவதுதான் அதன் வேலையே. இரண்டு பக்கச் சுவரும் நெருக்கியபடி ஒரு மாதம் இருந்தால் அந்த அகலத்துக்கே படிந்துவிடும், பிறகு மூலை எட்டாது. இந்தத் துடைப்பத்துக்கு மட்டும் முறத்தின் முதுகு புல்லைப் பார்க்கட்டும். தட்டின் பின்சுவரில் சீப்புப் பல் வைக்கும் எண்ணம் இருந்தால், அது பிளாஸ்டிக் இழையில் சிக்கிய முடியை எடுக்க நல்லது, புல்லுக்கு எமன். பூவை உருவி எடுத்துவிடும்.

இன்னொன்று. பல வீடுகளில் துடைப்பத்தை நிமிர்த்தி வைப்பதே ஆகாது. படுக்க வைத்து, வருகிறவர் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் தள்ளுவார்கள். உங்கள் செட் நின்றால் மட்டும் பூட்டிக்கொள்ளும் என்றால் அந்த வீடுகளில் விலை போகாது. படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள், யு வெட்டிலிருந்து கழுத்து நழுவக் கூடாது.


சீமாறு_செட்:

எல்லாருக்கும் நன்றி. அளந்துவிட்டோம். கிளிப்பின் உள்விட்டம் 21.78, கோட்டிங்கோடு குழாய் 22.14. டை அரை சதவீதச் சுருக்கத்தில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. 22ஐ 22.11 ஆக வெட்டி, பிபி ஒன்றரை சதவீதம் சுருங்கினால் சரியாக இந்த எண் வருகிறது. முறிந்த விரலில் வழுவழுக் கோடும் இருக்கிறது.

புதுத் திட்டத்தில் ஒரு இடறல். தோளிலிருந்து இழை நுனி 50ம் 90மாக 140 மி.மீ. தட்டு 220. தலை தட்டுக்குள் உட்கார்ந்தால் முறத்தின் விளிம்பு இழையைத் தாண்டி 80 மி.மீ. கீழே நிற்கிறது. தரையில் நிறுத்தினால் செட்டின் எடை முழுவதும் விளிம்பின்மேல். விளிம்பில் மென்ரப்பர் பட்டை வைக்கும் யோசனையும் இருப்பதால் அது நசுங்குமே?


டைமேக்கர்_கோவை:

விளிம்பு முதலில் தரையைத் தொடுவது நல்லதுங்க. இழை நுனி காற்றில் நிற்கும், வளையாது. சுவரோரம் சாத்தி வைத்த துடைப்பம் ஒரு பக்கமாக வளைந்து போவதே தன் எடையைத் தன் இழையில் தாங்குவதால்தான். 80 அதிகம், 30 போதும். தட்டை 170 ஆகக் குறைங்க. வீட்டுக் குப்பைக்கு 170 நீளத் தட்டு போதும், முறத்தின் எடையும் இறங்கும்.

ரப்பரைக் காப்பாற்ற, விளிம்பின் இரண்டு கோடியிலும் 12 மி.மீ. அகலத்துக்கு ரப்பர் இல்லாமல் பிபி மூக்கு விடுங்க. ரப்பர் நுனியைவிட 2 மி.மீ. முன்னே நீட்டட்டும். நிறுத்தும்போது மூக்கு தாங்கும். அள்ளும்போது அது குறுக்கே வராமல் இருக்க மூக்கின் அடிப்பக்கம் ரப்பரின் அடியைவிட அரை மி.மீ. உயரத்தில் இருக்கணும். இதை மறந்தால் மூக்கு தரையில் முட்டி, ரப்பர் தூக்கிக்கும், நாலாவது சிக்கல் புது வேஷத்தில் வந்து நிற்கும்.

நாலாவது சிக்கல் என்றதும், அதற்குப் பதில் சொல்லாமல் விட்டது ஞாபகம் வருது. தட்டு மாதிரிப் பாகத்தில் சுவரும் தளமும் சேரும் மூலையின் உள்பக்கம் கடைசியாக ஆறும். கடைசியாக ஆறும் இடம் கடைசியாகச் சுருங்கி, சுவர்களை உள்ளே இழுக்கும், தளம் வளையும். விளிம்பை வலுவாக்க நினைத்து அங்கே தடித்த வரம்பு ஓட்டியிருந்தால் அதுவும் மெதுவாக ஆறி இழுக்கும். வரம்பை எடுங்க. தளத்துக்கு அடியில் ரிப் வேணும் என்றால் சுவர்த் தடிமனில் பாதி, 2.2க்கு 1.1 முதல் 1.3. கோர் (டையில் தட்டின் உள்பக்கத்தை உருவாக்கும் பாதி) பக்கத் தண்ணீர் ஓட்டம் மூலைகளுக்கு அருகே போகுதா பாருங்க. வெளிப்பக்கம் மட்டும் குளிர்ந்தால் எந்த ரிப்பும் உதவாது. இவ்வளவும் செய்த பிறகு விளிம்பின் நடுவை 0.8 மி.மீ. கீழே தொங்கலாக வரைங்க. கையால் அழுத்தும்போது தட்டையாகும்.

ரப்பர் பட்டை: பிபிமேல் ஒட்ட எஸ்இபிஎஸ் அடிப்படை டிபிஇ (ரப்பர் போன்ற மென்பிளாஸ்டிக்) எடுங்க, பசை இல்லாமலே பிடிக்கும். கடினம் 60 முதல் 70 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோல்). நுனி 0.8 மி.மீ. இன்னும் மென்மையாகப் போனால் துடைப்பம் உரசும்போது மடிந்து உள்ளே சுருண்டுக்கும். இரண்டு சரக்கையும் சேர்த்து அடிக்கும் இரட்டை வார்ப்பு மெஷின் கிடைக்கவில்லை என்றால் விளிம்பில் காடி விட்டுத் தனியாக எடுத்த பட்டையைச் சொருகுங்க. காடிக்குள் ஈரத் தூசு அடையும், அது அந்த வழியின் விலை.


யாழ்_தச்சன்:

இஞ்ச யாழ்ப்பாணத்தில தும்புத்தடிக்கு, அதான் தென்னந்தும்புத் துடைப்பத்துக்கு, இதே மாதிரி ஒண்டு கேட்பினம் எண்டபடியால் எழுதுறன். தும்புத்தடியின்ர கட்டை மரம், தடியும் மரம். தடி கட்டைக்கு நேராக நிக்காது, சரிவாக இறங்கும். அதால பின்சுவர் தோளில் முழுசா இருக்காது, ஒரு விளிம்பில மட்டும் முட்டும். யு வெட்டின் அடியைத் தடியின்ர சரிவுக்கு ஏற்றமாதிரி சாய்க்க வேணும். மழைக்காலத்தில மரம் ஊதும், கோடையில சுருங்கும், 22.4 எண்ட ஒரே அளவை நம்பேலாது. நேர் விரலை விட்டிட்டு மேலே சொன்ன வி பள்ளமும் பட்டையும்தான் சரி.


சீமாறு_செட்:

தும்புத்தடியும் பூந்துடைப்பமும் ஒரே தீர்வுக்கு வருவதால் கைப்பிடியில் இரண்டு விதச் செருகு வைக்கப் பார்க்கிறோம்: இரும்புக் கம்புக்கு மூன்று விரல், மற்றவற்றுக்கு வி பள்ளமும் பட்டையும். டையில் கைப்பிடிப் பகுதி மட்டும் மாற்றும் துண்டாக இருக்கும்.

இரண்டு சந்தேகம். படுக்க வைத்து உருட்டினால் யு வெட்டு கழுத்தைவிட்டு வெளியே வருகிறது, அச்சு மாதிரியில் பார்த்தோம். முறத்தில் தூசும் முடியும் ஒட்டிக்கொண்டு தட்டினாலும் விழ மறுக்கிறது, இதற்கு என்ன?


டைமேக்கர்_கோவை:

நின்றிருக்கும்போது முறத்தின் எடையே வெட்டைக் கழுத்தோடு அழுத்தும், அதனால் அங்கே பூட்டு தேவைப்படலை. படுத்தால் அந்த உதவி போய்விடும். சதுரக் கழுத்தின் இரண்டு பக்கத்திலும் 0.6 மி.மீ. புடைப்பு, நீளம் 6, வெட்டின் உதடு அதைத் தாண்டி உள்ளே போகிற மாதிரி. ஒரு பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளி ஏற்கெனவே இருப்பதால் கடிப்பது 0.1தான். போதவில்லை என்றால் 0.8 வரை போங்க. பின்சுவர் நீளமானது, அந்த அளவு விரிந்து கொடுக்கும். அதற்குமேல் போனால் இரண்டு இடத்தில் கிளிப் வைத்த மாதிரி, ஒரு கையால் கழற்ற வராது.


அளவுநாடா:

தூசு ஒட்டுவது நிலைமின்னேற்றம். பிபி ஈரத்தை உறிஞ்சாது, துடைப்ப இழை உரச உரச மின்னேற்றம் ஏறும், வடிய வழியில்லை. சரக்கோடு கிளிசரால் மோனோஸ்டியரேட் மாஸ்டர்பேட்ச் (சேர்மானம் செறிந்த பிளாஸ்டிக் மணிகள்) சேர்ப்பது வழக்கம். அது பரப்புக்கு ஊறி வந்து காற்றின் ஈரத்தைப் பிடித்து மின்னேற்றத்தை வடிக்கும். ஊறி வர நாளாகும் என்பதால் அடித்த அன்றே சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று தள்ளாதீர்கள். டிபிஇ ஒட்ட வேண்டிய விளிம்பில் இந்த ஊறல் ஒட்டுதலைக் கெடுக்கும், ஆகவே சேர்க்கும் அளவு பற்றி டிபிஇ தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டின் உள்தளம் பளபளப்பாகவே இருக்கட்டும். தோல் போன்ற சொரசொரப்பை வெளிப்பக்கம் மட்டும் கொடுங்கள். முடி சிக்குவது பெரும்பாலும் சொரசொரப்பிலும் ரிப் மூலைகளிலும்தான்.


டைமேக்கர்_கோவை:

புது டையில் முதல் ஷாட் வந்ததும் கை பரபரக்கும், சூடாக இருக்கும்போதே எடுத்துக் குழாயில் மாட்டாதீங்க. விரல் விரிந்தபடி ஆறினால் அந்த அளவிலேயே நின்றுக்கும், பிறகு அந்த மாதிரியை வைத்து எடுக்கிற முடிவெல்லாம் தப்பு. பிபி மெஷினைவிட்டு வந்த பிறகும் சுருங்கிக்கிட்டே இருக்கும். 24 மணி நேரம் விட்டு உள்விட்டத்தையும் வாயையும் அளங்க, அடுத்த நாள் இன்னொரு தடவை அளங்க. இரண்டு எண்ணும் ஒத்து வந்த பிறகு டையில் இரும்பைத் தொடுங்க.